மிச்சம் இருபத்துநாலு

1

1995-இல் என் சிநேகிதி சாருலதாவுக்கு ஒரு கணக்கு வித்தை சொல்லிக்கொடுத்தேன், முக்கால்வாசி மட்டும். மீதிக் கால்வாசியை எங்காவது இறக்கிவைக்கத்தான் இந்தக் கதை.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘கபாலீஸ்வரர் குளத்தின் மேல் மாலை வெயில்…’ அடித்துவிட்டேன். அடுக்குக் கணக்குக்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம்?

2

சாருவுக்கு வயது இருபத்திரண்டு.*

(* இருபத்திரண்டு வருஷம் ஏழு மாதம். அவள் வீட்டில் இதையெல்லாம் விடமாட்டார்கள். மணி கேட்டால் அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன் ‘பத்தே கால்’ என்று சொன்னதே இல்லை. ‘பத்து பதினாலு’ என்பார்.)

ஜி.ஆர்.ஈ. தேர்வில் கணக்கில் 800-க்கு 750 வந்தால் அமெரிக்காவில் மேற்படிப்பு, வராவிட்டால் தை மாதம் கே.கே. நகர் மாப்பிள்ளை. இது அவள் அப்பா போட்ட நிபந்தனை. சாருவுக்கு மாப்பிள்ளை வேண்டாம், படிப்புதான் வேண்டும்.

தேர்வில் முப்பது கேள்விக்கு முப்பது நிமிடம். தி. நகர் பயிற்சி வகுப்பில் ‘இரண்டின் 33-ஆம் அடுக்கு ஏறக்குறைய எவ்வளவு?’ என்று ஒரு கேள்வி வந்தது. சாரு ஆறு நிமிடமாகத் தலை நிமிரவில்லை.

“இன்னாடி பண்ணிக்கினு கீறே?” என்றேன்.

“பெருக்கிண்டிருக்கேன். எண்ணூத்தி அம்பத்தெட்டுக் கோடியே தொண்ணூத்தொம்போது லட்சத்து…”

“கீழ குடுத்துக்கீற விடைங்களைப் பாரு. எண்பது லட்சம், எண்பது கோடி, எண்ணூறு கோடி. எதுன்னு தெரிஞ்சாப் போதும். ரெண்டைப் பத்து தபா பெருக்குனா ஆயிரத்து இருபத்துநாலு. அத்த ஆயிரம்னு வெச்சுக்கோ. முப்பது ரெண்டுக்கு ஆயிரம் மூணு தபா, பெருக்குனா நூறு கோடி. மிச்ச மூணு ரெண்டுக்கு எட்டு. எண்ணூறு கோடி, முடிஞ்சிது.”

“அந்த இருபத்துநாலு?”

“அத்த வுட்டுரு.”

“எங்காத்துல அப்படி விட்டா சாப்பாடு போடமாட்டா, வஜீஹா.”

ஆனாலும் விட்டாள். பயிற்சித் தேர்வுகளில் 680-இல் நின்றவள் இரண்டே மாதத்தில் 740 வாங்கினாள். இன்னும் ஒரு கேள்வி சரியானால் போதும்.

3

சொல்லாமல் விட்ட கால்வாசி இதுதான். விடைகள் தள்ளித் தள்ளி இருந்தால்தான் இருபத்துநாலை விடலாம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மிச்சத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுக்க அடுக்க அதுவும் பெருகும்.

இரண்டாம் வரைவில் ‘சொல்ல மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன். [பொய். அடித்தாயிற்று.] கே.கே. நகருக்குப் பஸ் இருக்கிறது, அமெரிக்காவுக்கு இல்லை. அவளைப் போக விட எனக்கு மனசில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4

மிச்சத்தைப் பார்க்க வேண்டிய கேள்வி தேர்வில் வந்தேவிட்டது. ஒருபக்கம் இரண்டின் 30-ஆம் அடுக்கு, மறுபக்கம் நூறு கோடி. எது பெரிது, அல்லது இரண்டும் சமமா?

முடிவு அ: சாருவுக்கு அந்தக் கால்வாசி தெரியும். முதல் எண் ஏழு கோடிச் சொச்சம் பெரிது என்று குறித்தாள். 750. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நான் அழுத அழுகையில் போலீஸ்காரர் தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

முடிவு ஆ: தெரியாது. ‘சமம்’ என்று குறித்தாள். 740. தை மாதக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வந்ததும் இலையை மடித்துவிட்டு…

இரண்டையும் இங்கேயே நிறுத்துகிறேன். எது நடந்தது என்பது அன்று காலை தேர்வுக்கூட வாசலிலேயே தீர்மானமாகிவிட்டது.

5

சாரு பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். “அப்பாட்ட உன் வித்தையைச் சொன்னேன். ‘அந்த இருபத்துநாலு எங்கே போச்சு, அந்தப் பொண்ணையே கேளு’ன்னார். ஏதாவது விட்டுப்போச்சாடி?”

மணி அடித்தது. ஒரு வாக்கியம் சொல்ல நேரம் இருந்தது. சொன்னேன்:

“                                        ”

இருபத்தைந்து வருஷமாக* இந்த இடத்தில் எழுதி எழுதி அடிக்கிறேன். இனி உங்கள் பொறுப்பு. உங்களை விட்டுப் போகக்கூடாது என்று நீங்கள் நினைத்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஏறக்குறைய எழுத வேண்டாம்.

(* இருபத்தாறு வருஷம் இரண்டு மாதம்.)