தயிர்சோற்றைத் தொடாத புயல்

கார்த்திகை பிறந்து செம்பியன் ஐயப்பனுக்கு மாலை போட்டதும், தலத்தெருவில் அவன் கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் சாமி ஆகிவிட்டார்கள். பால்காரர் சாமி, சிலிண்டர் கொண்டுவருகிறவர் சாமி, கட்டிய மனைவி வெண்மதியும் சாமி. பூனை மட்டும் விதிவிலக்கா? "புயல் சாமி, பீரோ மேலேருந்து எறங்குங்க" என்று அவன் கெஞ்சுவதைக் கேட்டு வெண்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு அவன் சட்டம் போடும்வரைதான். மலைக்குப் போய் வரும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது, பூனைக்கும் தயிர்சோறுதான். மீறி ஒரு மீன் உள்ளே வந்தால் பூனையைச் சாக்கில் கட்டித் திருவேட்டக்குடி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவானாம். கண் திறக்காத குட்டியாக மழையில் கிடந்ததை எடுத்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தவள் வெண்மதி.

புயல் ஓர் இடத்தில் நிற்கிற பிறவியா? விடிந்தால் மதில், மதியம் மாமரம், சாயங்காலம் ஓணான் வேட்டை. அந்த ஓட்டத்துக்குத் தயிர்சோறு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அது மீன்கடையைச் சுற்ற ஆரம்பித்ததும் வெண்மதி கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"ஓடியாடுற பூனை, தயிர்சோத்துல தாங்காதும்மா. மீன் குடுங்க. வெலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதான் அளவு."

எங்கே வைத்துக் கொடுப்பது? பக்கத்து வீட்டு நபீசாதான் வழி சொன்னாள். "எங்க கொல்லைக்கு வெரதம் இல்லையே! எங்க வூட்டுக்காரரு ஹமீது காதுல மட்டும் போட்டுறாத. அவரு வாயி ஒலிபெருக்கி."

மத்தி மீன் இரண்டு போட்டார்கள். போதாமல் மீன்கடைக்குப் போய்த் துடைப்பத்தால் அடி வாங்கி வந்தது. நான்கு போட்டார்கள். மூன்றைத் தின்றுவிட்டு, நான்காவதை வீட்டுக்குப் பலகாரம் வாங்கிப் போகிற மனுஷன் மாதிரி கவ்விக்கொண்டு மதிலில் தாவியது. நபீசா பாய்ந்து பிடுங்காவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். மூன்று போட்டபோது தின்றது, காலை நக்கியது, தூங்கிவிட்டது. வெண்மதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதன்பிறகு மதியந்தோறும் மூன்றுதான்.

வீட்டில் பஜனை வைத்த அன்று கூடம் நிறையச் சாமிமார்கள். குருசாமி சரணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே புயல் குதித்தது. வாயில் ஒரு மத்தி. நேரே நடந்து போய்ச் செம்பியன் காலடியில் வைத்துவிட்டு, பாராட்டுக்காக அவன் முகத்தைப் பார்த்தது.

சரணம் பாதியில் நின்றது. குருசாமி மீனைப் பார்த்தார், பிறகு செம்பியனைப் பார்த்தார்.

"சாக்கு எடுத்துட்டு வாங்க சாமி" என்றான் செம்பியன். பூனை இருக்கிற பக்கமே அவன் திரும்பவில்லை.

வெண்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். மதியம் தன் கண்முன்னே மூன்றுதானே போட்டாள் நபீசா? இந்த நாலாவது எங்கிருந்து முளைத்தது? சாக்கோடு அவள் கூடத்துக்குத் திரும்பவும், கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஹமீதின் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

"சாமீ! நீங்க காலையில சொன்ன மாதிரி புயலுக்கு ரெண்டு மீன் போட்டுட்டேன்! பாவம், தயிர்சோத்தைத் தொடவே மாட்டேங்குது, பட்டினியா கெடக்குதுன்னு அழுதீங்களே, ஒண்ணைத்தான் தின்னுச்சு! நாளைக்கும் போடவா? வெண்மதி தங்கச்சிக்குத் தெரியாம வந்து சொல்லிட்டுப் போங்க!"

செம்பியன் மாலை மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தான். வெண்மதி சாக்கை உதறி, வாயை நன்றாக அகல விரித்துப் பிடித்தாள்.

"சாக்கு வந்தாச்சு சாமி. யாரு உள்ள எறங்குறது? புயல் சாமியா, நீங்களா?"