கன்னிமார் இழுத்த குடைக்காரர்

ரெங்கசாமிக்கு எழுபத்திரண்டு வயது. முதுகு இன்னும் வளையவில்லை; பேச்சும் அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் கன்னியாங்குளத்துப் படித்துறைக்குப் போனது கதை கேட்க அல்ல, கதையை நிறுத்த.

தஞ்சாவூர் நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட அந்தக் குளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பைமேடாகிக்கொண்டிருந்தது. கதை தெரிந்த குளத்தில் குப்பை கொட்ட யாருக்கும் கை வராது என்று நம்பினாள் கல்லூரி ஆசிரியை கலைமகள். வாரம் ஒருவரைப் பிடித்துவந்து குளத்துக் கதை சொல்லவைத்தாள். அந்த வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்சத்தின் முறை. அவர் எடுத்துக்கொண்டதோ ரெங்கசாமியின் கொள்ளுத்தாத்தா சாம்பசிவம் விழுந்த கதை.

அந்தக் காலத்தில் கோடை வந்தால் வீட்டுக்கு ஒருவர் வந்து குளத்தைத் தூர்வார வேண்டும். உள்ளே குடியிருக்கும் கன்னிமார் தெய்வங்களுக்கு ஊர் செலுத்தும் கடன் அது. மிராசுதார் சாம்பசிவம் மட்டும் குடை பிடித்துக் கரையில் நின்று அதட்டிக்கொண்டிருந்தாராம். கன்னிமார் காலைப் பிடித்து இழுக்க, குடையோடு சேற்றில் விழுந்தாராம். குடுமியைப் பற்றித் தூக்கிவிட்டவர் அம்சத்தின் முப்பாட்டனார்.

"பேரை எடுத்துடுங்க டீச்சர். ஒரு மிராசுதார்னு சொன்னாப் போதும்," என்றார் ரெங்கசாமி.

"எடுத்துடலாம் சார். அப்புறம் இந்தக் குளத்துக்கும் உங்க குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சம்மதமா?"

ரெங்கசாமி அதை யோசித்து வரவில்லை. படியில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விழுந்தது நெஜந்தான்," என்றார் கடைசியில். "ஆனா எழுந்தவர் வீட்டுக்குப் போகலை. கூடையை வாங்கி அவரும் மண் சுமந்தார். மிராசுதார் மண் சுமந்தா கேவலம்னு, எங்க வீட்டுல மூணு தலைமுறையா வாயைத் திறக்கலை."

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்ல கௌரவம் சார்! விழுந்ததை ஊர் பேச விட்டுட்டு, சுமந்ததைப் பூட்டி வச்சிருக்கீங்களே!"

"சரி, இனி பேரோடயே சொல்லுங்க. சுமந்ததையும் சேர்த்து."

"எத்தனை கூடை சார்?"

"நூறு."

"பார்த்துச் சொல்லுங்க. கன்னிமார் கேட்டுக்கிட்டிருக்காங்க."

ரெங்கசாமி ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரை ஓரக்கண்ணால் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டார்.

"பதினெட்டு," என்றார்.