நடுரோட்டில் நிற்காத வண்டி

கண்ணாடிக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் டீசல்காரர் என்றுதான் சொல்வார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு. மகன் வயதுள்ள அந்த டீசல் கார் ஒருநாளும் நடுரோட்டில் நின்று அவர் மானத்தை வாங்கியதில்லை. சும்மா வந்த பெருமையா அது? கிளம்பும் முன் ஆயில் பார்ப்பார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார், டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டிக்கடியிலேதான் குடித்தனம். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனைவி, அவர் கேட்கக் கேட்க ஸ்பேனரை எடுத்து நீட்டுவாள். டீசல் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுபோகும், அதனால் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கி முடுக்க வேண்டும் என்று அவளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்.

வண்டியை விற்றுத் தொலைக்கச் சொல்லி மகன் போன மாதம் மல்லுக்கு நின்றபோது, அவர் வாயைக் கொடுத்துவிட்டார்.

"இது என்னைக்கு ரோட்டுல நிக்குதோ, அன்னைக்கே வித்துடறேன். போதுமா?"

மனைவி வாயே திறக்கவில்லை. தன் கட்சி என்று நினைத்து மனுஷர் உச்சி குளிர்ந்து போனார்.

இன்று மகன் வீட்டுக்குப் பயணம். வழக்கம்போல எல்லாம் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் வருவதற்குள் அவளே பைகளை வண்டியில் ஏற்றி வைத்திருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் எஞ்சின் திணறியது, இருமியது, ஓரமாக நின்றே விட்டது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவருக்கு வேர்த்து ஊற்றியது. இறங்கிப் போய் பானெட்டில் கை வைப்பதற்குள் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கையில் பழந்துணி, மறுகையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

வாங்கிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். டீசல் குழாயின் கிளாம்ப் தளர்ந்து கிடந்தது. அதை முடுக்க இந்த ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும். டிக்கியில் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாக அத்தனை சாமான் கிடக்கிறது. அவர் இன்னும் எதையுமே கேட்கவில்லை.

"இதுதான் வேணும்னு உனக்கெப்படித் தெரியும்?"

அவள் பதில் சொல்வதற்குள் சீட்டில் கிடந்த அவள் ஃபோன் அடித்தது. அவரே எடுத்தார். மகன்.

"அம்மா, நின்னுச்சா இல்லையா? அப்பாவுக்குச் சந்தேகம் வரலியே? வண்டிய வாங்கறவர் இங்கதான் உக்காந்திருக்காரு."

மகன் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், அவன் என்றைக்குமே எதிர்க்கட்சி. இவளா? அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்தே அவர் கழுத்தை அறுத்துவிட்டாளே.

"நின்னுடுச்சுப்பா," என்றார். "அவரை இருக்கச் சொல்லு. கொண்டாரேன்."

"ஞாயித்துக்கிழமையில உங்க காலைத்தாங்க பார்த்திருக்கேன்," என்றாள் அவள் மெல்ல. "மூஞ்சியப் பார்த்ததே இல்ல."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒரு தடவையாவது சொன்னியா?"

அவர் கிளாம்பை முடுக்கினார், கை பம்ப்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார், சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே. விக்க வேணாங்க," என்றாள்.

"சொன்னா சொன்னதுதான். நான் பேச்சு மாறமாட்டேன்."

அவள் முன்கதவைத் திறக்கப் போனாள்.

"பின்னாடி உக்காரு," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே.