பொய் கலக்காத இன்லண்டு

சங்கரன்கோவிலிலிருந்து கொச்சி எத்தனை மைல் என்று கேட்டால், பெத்துராஜ் முதலில் கேட்ட ஆளின் முகத்தைப் பார்ப்பான். ஏமாந்த முகமாக இருந்தால் ஆயிரம் மைல். கொஞ்சம் விவரமான முகமென்றால் ஐந்நூறு. கொல்லம் மெயிலில் ஏறி, கொல்லத்தில் ரயில் மாறி, எர்ணாகுளத்தில் இறங்கிப் படகு பிடித்து, கொச்சிக் கோட்டைப் பக்கம் போய், அங்கிருந்து இன்னொரு படகு ஏறினால் வருவது பனந்துருத்து. கடல் ஒரு கொட்டாவி விட்டால் உள்ளே போய்விடும், அவ்வளவுதான் தீவு. பழைய காலத்துச் சர்ச்சு, யூதர் தெரு, மிளகு வாசம் வீசும் கிட்டங்கிகள், காமிராவோடு திரியும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் அக்கரையில். இக்கரையில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும், மனிதனைக் கண்டால் ஒதுங்கத் தெரியாத நண்டுகளும், பெத்துராஜும்.

அங்கே அவனுக்கு வேலை, தண்ணீர் அளப்பது. நாலு பக்கமும் தண்ணீர் கிடக்கிற ஊரில் குடிக்க ஒரு சொட்டு கிடையாது. எங்கே தோண்டினாலும் உப்பு. செவ்வாயும் சனியும் அக்கரையிலிருந்து பெரிய படகில் நல்ல தண்ணீர் வரும். அதைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு நாலு குடம் என்று குழாயைத் திறந்துவிட வேண்டும். தண்ணீர்ப் படகைக் குத்தகைக்கு எடுத்திருந்த காண்டிராக்டர் முதலில் உள்ளூர் ஆட்களை வைத்துப் பார்த்தார். அவர்கள் மழையில் பிறந்து மழையில் வளர்ந்தவர்கள். குழாயைத் திறந்துவிட்டு அரசியல் பேசப் போய்விடுவார்கள். "சங்கரன்கோவில் பக்கத்து ஆளாப் பார்த்துக் கொண்டு வாங்க, தண்ணியச் சிந்தவே மாட்டான்" என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவன் புண்ணியவான். பெத்துராஜ் பிறந்த பக்கத்தில் தவளைக்கே நீச்சல் மறந்துபோயிருக்கும். குழாய் முனையில் தொங்குகிற கடைசிச் சொட்டையும் அவன் விரலால் தட்டிக் குடத்தில் விழவைப்பான்.

வந்த முதல் நாள் அவன் செய்த காரியத்தைத் தீவு இன்னும் மறக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீராகக் கிடந்ததைப் பார்த்து அவனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. குடத்தை எடுத்தான், கரையில் போய் முக்கினான், உலை வைத்தான். அவன் ஊரில் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். கண்ணில் பட்டுவிட்டால் அது குடிக்கத்தான். சோறு வெந்தது. ஒரு வாய் வைத்தான். ஏழு தலைமுறைக்குப் போட வேண்டிய உப்பு ஒரே கவளத்தில் இறங்கியது. பக்கத்து வீட்டுப் படகுக்காரன் ஔசேப்பு சிரித்த சிரிப்பில் அவன் கூரையிலேயே நாலு ஓலை சரிந்தது. தமிழனென்றால் அங்கே பாண்டிதான்; அன்றிலிருந்து பெத்துராஜின் பெயர் உப்புச்சோறு பாண்டி. பெத்துராஜ் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

நாலு வருஷம். வாரத்தில் இரண்டு நாள் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அவனிடம் பேசினார்கள். அத்தனை பேரும் பேசியது ஒரே பேச்சு: இன்னும் ஒரு குடம். மற்ற ஐந்து நாளும் அதுவும் கிடையாது. மாலை ஐந்தரைக்குக் கடைசிப் படகு போகும். அதை ஓட்டிக்கொண்டு போகிற ஔசேப்பு, அக்கரையில் மகள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில்தான் திரும்புவான். படகுச் சத்தம் தேய்ந்த பிறகு பெத்துராஜ் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பான். விரலை மடக்கித் தொட்டியின் சுவரில் தட்டி, சத்தத்தை வைத்துத் தண்ணீர் மட்டம் பார்ப்பான். மட்டம் அவனுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் தட்டுவான். தட்டினால் பதில் சொல்லுகிற ஒரே சாமான் அந்தத் தீவில் அதுதான்.

பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வரலாமே என்றால், சிக்கலே அங்கேதான். பூமாரி குருவிகுளத்துப் பக்கத்துப் பெண். எட்டு வயசிலிருந்து இடுப்பில் குடத்தோடு வெயிலில் நடந்தவள். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பெத்துராஜ், நாலு பெரியவர்கள் கேட்க, 'இந்தப் பிள்ளை இனிமே கொடம் தூக்காது' என்று சொல்லித்தான் அவளைக் கட்டினான். கட்டிக்கொண்டு வந்த தெருவில் மூன்று நாளைக்கு ஒருதரம் குழாய் வந்தது. தீவில் வேலை, நாலு பக்கமும் தண்ணீர் என்று கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தவன், அங்கேயும் குடந்தான் என்று எப்படி எழுதுவான்?

எழுதவில்லை. அதற்குப் பதிலாக, தபாலாபீஸில் வாங்கிய இன்லண்டு இன்லண்டாகப் பொய் எழுதினான். தண்ணீர் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, கட்டிலில் படுத்தபடி காலை நீட்டினால் கால் நனைகிறது. மீன் தானாகத் துள்ளி வந்து சட்டியில் விழுகிறது, வேண்டாமென்று நான்தான் துரத்துகிறேன். தினமும் எட்டு வீட்டில் விருந்து, ஒரு வீட்டுக்குப் போகாவிட்டாலும் மனஸ்தாபம் வருகிறது. கடைசியில் மட்டும் சின்னதாக ஒரு வரி: வீடு இன்னும் அமையவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடித்தபசுக்குப் பத்து நாள் லீவில் வந்தான். வந்து இறங்கியதும் டீக்கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூமாரி கூலிக்கு நூலைத் தார் சுற்றும் தறிப்பட்டறைக்குச் சொந்தக்காரர் சண்முகையாதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏலே பெத்துராஜ், அங்கன திமிங்கலம் உண்டுமா?"

"உண்டுமாவா? வெள்ளிக்கிழமை தவறாம வருது, அண்ணாச்சி. கரையில ஒதுங்கி முதுகு சொறிஞ்சிட்டுப் போவும். அந்த ஒரசல்ல தீவே ஒரு முழம் நகந்து போச்சு. கவர்மெண்டு ஆளு வந்து டேப்பு வச்சு அளந்துட்டுப் போனான்."

"எந்தப் பக்கம்லே நகந்துச்சு?"

"கிழக்க. நம்மூருப் பக்கம்."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள்ல செங்கோட்டைக்கு வந்துரும். பொறவு நீ லீவே போட வேண்டாம்லே. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுப் போயிரலாம்."

கடை சிரித்தது. பெத்துராஜும் சிரித்தான். இத்தனை பேர் ஒருசேர அவன் வாயைப் பார்ப்பது வருஷத்தில் இந்தப் பத்து நாள்தான். ஒரு டீயை மூன்று மணி நேரம் குடித்தான்.

வீட்டுக்கு வந்தால், பூமாரி நடுவீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துச் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கட்டி கிளம்புத?"

"உங்க கூடத்தான். வீடு அமையல, வீடு அமையலன்னு நாலு வருஷமா எழுதுதிய. கால நீட்டுனா நனையுத கட்டிலு இருக்குல்லா, அதுல ஒரு ஓரமா முடங்கிக்கிடுதேன்."

அவன் பார்வை அடுப்படிக்குப் போயிற்று. குடங்கள் இருக்கிற மூலை வெறுமையாகக் கிடந்தது.

"கொடமெல்லாம் எங்க?"

"உங்க தங்கச்சி மாரித்தாய்க்குக் குடுத்துட்டேன். அங்கன எதுக்கு? தண்ணிக்கு நடுவுல குடியிருக்கப் போறவ கொடத்தையும் தூக்கிட்டுப் போனா, பாக்கவன் சிரிக்க மாட்டானா?"

பெத்துராஜ் சுவரோரம் உட்கார்ந்தான். பொய்களுக்குப் பஞ்சமில்லை. தீவில் அம்மை, காண்டிராக்டருக்குக் கோபம், மழையில் படகு ஓடவில்லை என்று மூன்று பொய்கள் நான் முந்தி நீ முந்தி என்று வந்து நின்றன. எதைச் சொன்னாலும் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம். அந்த ஒரு வருஷத்தை, அதன் ஒவ்வொரு ஐந்தரை மணியையும் நினைத்துப் பார்த்தான். மூன்றையும் முழுங்கினான்.

"பூமாரி, அங்கன தண்ணி கிடையாது."

அவள் சிரித்துவிட்டாள். "ஆமா, திமிங்கலம் குடிச்சிட்டுப் போயிட்டாக்கும். சண்முகையா அண்ணாச்சிட்ட போய்ச் சொல்லுங்க."

"சாமி சத்தியமா இல்லட்டி. எல்லாம் உப்பு."

"சரிதான். அந்தச் சேலைய எடுங்க."

இத்தனை காலமும் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, உண்மையை ஒருத்தி தலையில் ஏற்றுவதற்குள் வேர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் முதல் நாள் கதையைச் சொன்னான், குடத்தை முக்கியதிலிருந்து உப்புச்சோறு பாண்டி வரைக்கும். ஊரில் இதுவரை ஒரு ஆளுக்கும் சொல்லாதது. பூமாரி பாதிவரை சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சோத்த என்ன செஞ்சிய?"

"தின்னேன்."

"உப்புச் சோத்தையா?"

"வேற தண்ணி இல்லல்லா. சனிக்கிழம வந்து சேந்தேன், அன்னைக்குப் படகு வந்துட்டுப் போயிட்டு. இனிமே செவ்வாக்கிழமதான்னாங்க. கேட்டா யாராவது குடுத்திருப்பாங்க. எப்படிக் கேக்கன்னு தெரியல."

அப்போதுதான் அவள் நம்பினாள். அவன் விடுகிற பொய்களில் எப்போதும் எட்டு வீட்டு விருந்து இருக்கும். ஒருத்தன் தனியாக உட்கார்ந்து உப்புச்சோறு தின்கிற பொய்யை அவனால் கட்டவே முடியாது.

குடத்துக்காகத்தான் கோபப்படப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். பூமாரி மெதுவாகத்தான் பேசினாள்.

"இங்கன குழாயடியில நான் தூக்குதேன். அங்கன நீங்க தூக்குதிய. நான் கொடம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி, ரெண்டு பேரும் தனித்தனியாத் தூக்கிருக்கோம். நல்லாத்தான் இருக்கு உங்க வாக்கு."

"அப்ப வா. இந்தத் தடவையே வா."

"மாட்டேன்." டிரங்குப் பெட்டியை மூடினாள். "ஒவ்வொரு கடுதாசியையும் வாசிச்சிட்டு, இவருக்கு அங்கன ஒரு கொறையும் இல்ல, நாம இல்லாததே தெரியலன்னு நினைச்சிட்டுத் தார் சுத்தப் போவேன். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு கடுதாசி, பொய் கலக்காம எழுதிப் போடுங்க. நான் வாரேன். அதுலயும் ஒரு பொய் இருந்துச்சு, வர மாட்டேன். பொறவு கேக்காதிய."

தபசு முடிந்து அவன் தனியாகத்தான் ரயிலேறினான். கடையநல்லூர் ஸ்டேஷனில் ஒரு துபாய்க்காரரை வழியனுப்ப ஒரு கல்யாணக் கூட்டமே திரண்டு வந்திருந்தது. அவர்கள் அழுத கண்ணீரில் தண்டவாளம் நனைந்து ரயில் சக்கரம் இரண்டு சுற்று வழுக்கிற்று. பெத்துராஜ் ஜன்னலோரம் இருந்தபடி, எதிரே வந்து உட்கார்ந்த அந்த மனுஷரையே செங்கோட்டை வரைக்கும் பார்த்துக்கொண்டு போனான்.

பனந்துருத்தில் மழை. இன்லண்டை விரித்துவைத்து உட்கார்ந்தான். 'இங்கே ஒரு மாதமாக மழை விடவில்லை' என்று எழுதினான். சத்தியமான உண்மை. படித்துப் பார்த்தால் பொய் மாதிரி இருந்தது. கிழித்தான். 'அடுப்படி வரைக்கும் நண்டு வருகிறது.' அதுவும் உண்மை, அதையும் அவள் நம்பமாட்டாள். அடுத்ததில் பேனா தன்னாலேயே 'ஔசேப்பு இருமினால் கொச்சிக் கோட்டையில் சர்ச்சு மணி அடிக்கிறது' என்று எழுதிவிட்டது. எழுதின கையை அவனே ஒரு அடி அடித்தான். எட்டு நாளில் ஏழு இன்லண்டு அடுப்புக்குப் போயிற்று. எட்டாவதில் இப்படி வந்தது:

'அன்புள்ள பூமாரிக்கு, நலம். நலம் அறிய ஆவல். இங்கே மழை பெய்கிறது. செவ்வாயும் சனியும் தண்ணீர் வருகிறது. எல்லோரும் பிடித்துப் போன பிறகு எனக்கு நாலு குடம் பிடித்துக்கொள்கிறேன். மாலை ஐந்தரைக்குக் கடைசிப் படகு போகும். அதற்குப் பிறகு காலைவரை நான் யாரிடமும் பேசுவதில்லை. இப்படிக்கு, பெத்துராஜ்.'

முக்கால்வாசித் தாள் வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தான். பொய் எங்கேயும் அகப்படவில்லை. இரண்டாம் முறை படிக்க அவனால் முடியவில்லை. ஒட்டி, ஔசேப்பு கையில் கொடுத்தான்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இன்லண்டு அல்ல, வெறும் கார்டு. ஔசேப்பு படகை அணைத்துக் கட்டிவிட்டு, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தபடி வந்தான். தமிழ் அவனுக்குப் படிக்கத் தெரியாது. பெத்துராஜ் வாங்கிக்கொண்டு, மழைக்குத் தொட்டியோரம் ஒதுங்கினான்.

'உங்கள் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது' என்று தொடங்கியிருந்தது.

எந்தப் பொய்? மழையா? குடமா? நாலு குடம் என்றது ஒருவேளை மூன்றாக இருந்திருக்குமோ? மனசுக்குள்ளேயே குடங்களை எண்ணிப்பார்த்துவிட்டு, மேலே படித்தான்.

'முதல் வரியில் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் எல்லோரும் எழுதுகிற பொய் என்பதால் இதை மட்டும் தள்ளிவிடுகிறேன். நானும் நலமில்லை. புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை மெயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். பூமாரி.'

"எந்தா பாண்டி, வீட்டில் எல்லார்க்கும் சுகந்தன்னே?" என்று கேட்டான் ஔசேப்பு.

"இல்ல சேட்டா. ரெண்டு பேருக்கும் சுகமில்ல" என்றான் பெத்துராஜ். சொல்லும்போது அவன் முகம் கொள்ளாமல் சிரிப்பு வழிந்தது.

ஔசேப்பு அவனை ஏற இறங்கப் பார்த்தான். இந்தப் பாண்டிகளைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று அவன் பாஷையில் முனகிக்கொண்டே, ஐந்தரைப் படகுக்கு நேரமாகிவிட்டதால் கயிற்றை அவிழ்க்கப் போனான்.