யாருக்கென்று சொல்லக் கூடாது

அன்று மத்தியானம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த குரல் கேப்டனுக்குப் பிடிக்கவில்லை.

"மலைமேல ஒரு அழைப்பு. வானத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மற்ற நாளென்றால், "அண்ணா, வண்டியைக் கட்டலாமா, இல்ல மேகம் முறைக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்த ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நிலையத்தில் அழைப்புகளை எடுப்பவள் அவள். எல்லாருக்கும் அவள் தங்கச்சி, எல்லாரையும் வம்புக்கு இழுப்பவள். அப்பேர்ப்பட்ட வாயாடி இப்படிச் சுருக்கமாகப் பேசினால் எவனுக்குத்தான் சந்தேகம் வராது?

அங்கே ஒரு விதி உண்டு. நோயாளி யார், என்ன ஆயிற்று என்று பைலட்டிடம் மூச்சுவிடக் கூடாது. குழந்தை என்று காதில் விழுந்தால் போதும், மனுஷன் இடி மின்னலிலும் ஏறிவிடுவான். அப்புறம் அவனையும் சேர்த்துத் தேட வேண்டியதுதான். அதனால் பைலட்டுக்கு வானம் மட்டும், விவரமெல்லாம் கூடப் போகும் நர்ஸுக்கு. நல்ல விதிதான், யார் இல்லையென்றார்கள்?

அன்றைய பைலட்டான கேப்டன் வானிலைத் திரையைப் பார்த்தார். மலைக்கணவாய் முழுக்க மேகம் அப்பிக்கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. நர்ஸம்மா தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். தங்கச்சி வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டார்கள்.

காலையில்தான் அவர் மனைவி மலைமேல் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள். போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"என்ன தங்கச்சி, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல சார். வானம் பாத்தாச்சா?"

சாராம்! இத்தனை வருஷத்தில் இல்லாத சார்!

"மலைமேலன்னா, பஸ் ஏதாவது..."

"சார், என் வாயைப் பிடுங்காதீங்க. போக முடியுமா, முடியாதா?"

கதவைத் திறந்தபடியே விட்டுத் திரும்பி வந்தார். பஸ் உருண்டுவிட்டது, அவள் அடியில் கிடக்கிறாள், இவர்கள் மூடி மறைக்கிறார்கள். மனசு அதையே பிடித்துக்கொண்டது. இப்போது திரையைப் பார்த்தால், அடேயப்பா, மேகத்துக்கு நடுவில் ஒரு சந்து தெரிந்தது! தாழப் பறந்து ஓரமாய் நுழைந்தால் போய்விடலாம் போலிருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார்.

நர்ஸம்மா வந்து குனிந்து பார்த்தாள். "எங்க? எனக்குக் காட்டுங்க."

விரலை வைத்தார். விரலுக்கடியிலும் மேகம்தான் இருந்தது. நகர்த்தினார், அங்கேயும் மேகம். கூட வரவேண்டிய நர்ஸம்மாவுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கின்றன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"முடியாது," என்றார் கேப்டன். பெண்டாட்டியைத் தன் வாயாலேயே கைவிட்ட மாதிரி இருந்தது.

"சரிங்க," என்றாள் தங்கச்சி. மலை ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். "ரோட்டு வழியாவே கொண்டுவாங்க. ஆமா, சுத்துதான். வேற வழியில்ல."

கேப்டன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போது அவர் போன் அடித்தது. மனைவி.

"பஸ்ல நல்லா தூங்கிட்டேங்க, சத்தமே கேக்கல. இப்பதான் அக்கா வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுறேன். எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டீங்க?"

"அப்பாடா!" என்று கத்தியே விட்டார். "நீ இல்லையா! நல்லவேளை, நீ இல்ல!"

திறந்த கதவு வழியாகத் தங்கச்சி அவரைப் பார்த்தாள். கோபமில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. மனைவியின் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு எழுந்து போனார்.

"அப்ப யாரும்மா?"

"எங்கப்பா," என்றாள். "நெஞ்சுவலி."

அந்தச் சந்தோஷக் கூச்சலை எங்கே கொண்டு போய்ப் புதைப்பது?

"தங்கச்சி, மேகம் கொஞ்சம் கலைஞ்சாலும் போதும். நான் தயாரா நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லு, பறந்துடறேன்."

"இனிமே உங்களைக் கேக்க முடியாதுண்ணா," என்றாள் அவள். "யாருன்னு தெரிஞ்சுபோச்சே உங்களுக்கு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் ஓய்விலிருந்த இன்னொரு பைலட்டுக்கு போன் போட்டாள். குரல் துளி நடுங்கவில்லை.

"அண்ணா, தூங்கி வழியறீங்களா, முழிச்சிருக்கீங்களா? கிளம்பி வாங்க. வானம் விட்டா, மலை ரோட்டிலேயே ஒருத்தரைத் தூக்க வேண்டியிருக்கும்."