வெள்ளை அம்மி

வள்ளியாத்தாள் சுண்டுவிரலால் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இருந்தது. வரமிளகாய்க் காரம் கொஞ்சம் தாமதமாக வந்து தொண்டையைத் தொட்டது. சின்ன வெங்காயத்தின் இனிப்புக்கூடக் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. புளியை மட்டும் காணோம். இத்தனைக்கும் நேற்றுப் போட்டதைவிட ஒரு கொட்டை புளி கூடுதலாக, கண்ணால் பார்த்து, கையால் உருட்டி, அவளேதான் வைத்து அரைத்தாள். அம்மியில் அரைக்கும்போது இருந்த புளி, கிண்ணத்துக்கு வருவதற்குள் எங்கே இறங்கிப் போனது என்று அவளுக்குப் புரியவில்லை. சட்னியைப் பார்த்தாள். நிறமும் ஒரு மாதிரி வெளிறிக் கிடந்தது, காய்ச்சல் விட்டு எழுந்த ஆளின் முகம் போல.

தொண்டாமுத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிமெண்ட் சீட் போட்ட அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. புளிச்சட்னிக் கடை என்றால் தெரியும். முன்னால் பாய்லருக்குப் பக்கத்தில் ராசப்பன் டீ ஆற்றுவார், பின்னால் வள்ளியாத்தாள் இட்லி, தோசை. ராசப்பன் நாற்பது வயதுவரை அடுத்தவர் தோப்பில் தென்னை ஏறிய ஆள். முழங்கால் இரண்டும் போன பிறகு டீக்கு வந்தார்.

முதல் பெஞ்சில் ஃபர்சானா உட்கார்ந்திருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். டியூட்டிக்குப் போகும் முன் தினமும் இங்கேதான் இட்லி.

"அக்கா, நாஞ்சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"சொல்லு கண்ணு."

"சட்னி இப்பல்லாம் ஊமையா இருக்குதுங்க."

"ஊமையான்னா?"

"வாயில வெச்சா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. முந்தியெல்லாம் உங்க சட்னி பேசுமுங்க. பொறத்தால மண்டைல ஒரு தட்டு தட்டும்."

"புளி நெறையத்தான் போடறேன்."

"சுகர் மாத்திரை போடறீங்கல்லங்க்கா? சில பேருக்கு அதுல நாக்கு ருசி மாறிப் போகுமுங்க. ஒருக்கா டாக்டர்கிட்டக் கேட்டுப் பாக்கலாம்."

ஃபர்சானா ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் சமையல்காரியிடம் உன் நாக்கைக் காட்டிப் பார் என்று சொன்னால் அது எங்கே போய்க் குத்தும் என்று சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வள்ளியாத்தாள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று நாக்கை ஒருமுறை பல்லுக்குள் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால், அந்த அம்மி வந்த பிறகுதான். ஆனால் அம்மியைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

மகள் சண்முகப்ரியா போன வருஷம் ஆல்வினை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். பையன் பெருந்துறைப் பக்கம். நம்ம ஆட்கள்தான், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதில் ராசப்பனுக்கு ஒன்றுமில்லை. அவருடைய சொந்தத்திலேயே பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு போகிறவர்கள்தான். அவருக்கு ஆறாமல் போனது வேறு. மகள் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில் தான் இங்கே யாருக்கோ சர்க்கரை கம்மியாக ஒரு டீ ஆற்றிக்கொண்டிருந்தோம் என்பது. "எங்கிட்ட ஒரு வார்த்தை" என்றார் அன்றைக்கு. வாக்கியத்தை முடிக்கவில்லை. மகளோடு ஆறு மாசத்தில் பேச்சு வந்துவிட்டது. மருமகனோடு வரவில்லை. ஆல்வின் வந்தால் டீ போடுவார், சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் என்று யார் சொல்லித் தெரிந்ததோ, சரியாகப் போடுவார், கிளாஸை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்வினின் கார் டிக்கியில் சாக்குச் சுற்றி அந்த அம்மி வந்தது. பையன் வேலை பார்ப்பது மதுக்கரையைத் தாண்டி, வாளையார் போகும் வழியில், மலையடிவாரத்து சுண்ணாம்புக்கல் குவாரியில். மண்ணையும் கல்லையும் பார்த்து எங்கே வெட்டலாம் என்று சொல்லும் வேலை. வேலைக்கு ஆகாது என்று ஓரம் தள்ளிய பாறையில் ஒன்று அவன் கண்ணில் பட்டிருக்கிறது. பால் மாதிரி வெள்ளை, நடுவே பாசி நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடு. திருமுருகன்பூண்டிக்குக் கொண்டுபோய், சிலை அடிக்கிறவர்களிடம் கொடுத்து, அம்மியும் கொழவியுமாக அடித்து வாங்கி வந்துவிட்டான்.

"கடலுக்கடியில சேறாப் படிஞ்ச சுண்ணாம்புங்க அத்தை" என்று அன்றைக்கு விளக்கினான். "அப்பறம் பூமிக்கு உள்ள போயி, நல்லா வெந்து, மாவு மாதிரி மடிஞ்சு, மறுபடி மேல வந்திருக்குது. இந்தப் பச்சைக் கோடு பாருங்க, இது வெந்தப்ப உள்ளயே மொளச்சது."

"கோயமுத்தூர்ல கடலுங்களா மாப்ள?"

"இருந்துச்சுங்க. மனுசன், மாடு, மரம் ஒண்ணும் இல்லாத காலத்துல."

"அப்பறம் ஆரு பாத்தாங்களாம்?"

"கல்லு பாத்துச்சுங்க அத்தை. நாங்க அதுகிட்டத்தான் கேட்டுக்கறது."

"அந்தா நிக்குதே, அந்த மலையுமா?"

"அது கருங்கல்லுங்க. ஆனா அதும் வெந்ததுதான். ரெண்டும் ஒரே அடுப்புல வெந்ததுன்னு வெச்சுக்கங்களே."

பாய்லருக்குப் பின்னால் ராசப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். வள்ளியாத்தாள் அதைக் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். யாரையும் பார்க்காமல் குனிந்து, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, கல்லை ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் ஆல்வின் பிடித்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மறுநாளே செங்கல் வாங்கி வந்து மேடை கட்டி, சிமெண்ட் வைத்து அம்மியைப் பதித்துவிட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. 'அம்மியில் அரைத்த புளிச்சட்னி கிடைக்கும்' என்று ஃப்ளெக்ஸ் அடித்து ரோட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார். அதுவரை இருபது வருஷமாக அந்தச் சட்னி மிக்ஸியில் அரைத்ததுதான் என்று யாரும் கேட்கவுமில்லை, அவளும் சொல்லவுமில்லை.

அப்படிப்பட்ட கல்லை எப்படிக் குறை சொல்வது? ஊமையாக இருந்த ஒரு மனுஷன் அந்தக் கல்லிடம்தான் முதலில் குனிந்திருக்கிறார்.

இருந்தாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் தூக்கம் வருமா. அடுத்த நாள் காலை, ராசப்பன் பால் வாங்கப் போனதும், பரணிலிருந்து மிக்ஸியை எடுத்தாள். மிக்ஸிச் சத்தம் வெளியே கேட்காதபடி, பஸ் ஆரன் அடித்துக்கொண்டு திரும்பும் சத்தத்தோடு சேர்த்து ஒரு சுற்று, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து இன்னொரு சுற்று. தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொள்ள வைத்தது புளி. நாக்குக்கு ஒன்றுமில்லை, கைக்கும் ஒன்றுமில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் கண் அம்மிப் பக்கம் போனது. அப்படியென்றால் கல்லுக்குத்தான் ஏதோ.

ஃபர்சானா ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா, பேசுதுங்க" என்றாள். வள்ளியாத்தாள் பாய்லர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெல்லப் பேசு கண்ணு" என்றாள்.

இப்படி நாலைந்து நாள் ஓட்டினாள். பஸ் சத்தத்துக்குக் காத்திருந்து சட்னி அரைத்த ஒரே பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் இவளாகத்தான் இருக்கும். ஆனால் அம்மியில் ஈரம் இல்லை என்பதை ராசப்பன் பார்த்துவிட்டார்.

"அம்மி ஏன் காஞ்சு கெடக்குது?"

"கழுவித் தொடச்சுபோட்டனுங்க."

"கொழவியில தூசி இருக்குது."

அவள் தோசையைத் திருப்பினாள்.

"அவன் மலையில இருந்து எடுத்துட்டு வந்து குடுத்திருக்கறான். உனக்கு மிக்சிதான் பெருசாப் போச்சா? பரணுக்கும் தரைக்கும் அது ஏறி எறங்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?"

"ஏனுங்க, அவர் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசாத ஆளுங்க நீங்க. நீங்களா அவருக்கு வக்கீலு?"

"அது வேற" என்றார். "கல்லு என்ன பண்ணுச்சு உன்னைய?"

கல் நல்லாயில்லை என்று சொன்னால், இந்த ஆள் அதைப் பெயர்த்துத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். மறுபடி பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் எத்தனை வருஷமோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மகளும் மருமகனும் குனியமுத்தூரிலிருந்து நேராக வந்தார்கள். அன்றைக்கு ராசப்பனே விடியற்காலையில் அம்மியைக் கழுவி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். தப்ப வழியில்லை. வெங்காயம், மிளகாய், உப்பு, புளி. வள்ளியாத்தாள் புளியை வைக்கும்போது மனசுக்குள் எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ தெரியாது. மருமகனுடைய சாமியையும் சேர்த்தே கூப்பிட்டிருப்பாள்.

ஆல்வின் மூன்று தோசை சாப்பிட்டான். "சூப்பருங்க அத்தை" என்றான். அவன் எது கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வான். சண்முகப்ரியா பெற்ற பெண்ணாயிற்றே, அவளுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது.

"ஏம்மா, இதுல புளியே போடலயா?"

"போட்டிருக்குது, தின்னு."

"எங்க போட்டே? சுண்ணாம்பு தின்ன மாதிரி இருக்குது. பல்லுல நறநறங்குது."

"கண்ணு" என்று பாய்லர் பக்கமிருந்து குரல் வந்தது. "வாய மூடிட்டுத் தின்னு. இல்லாட்டி எந்திரிச்சுப் போ."

"எங் கைதானுங்க மாப்ள" என்று வள்ளியாத்தாள் அவசரமாகச் சொன்னாள். "வயசாகுதல்லங்க. மாத்திரை வேற போடறனா, நாக்கு முன்ன மாதிரி இல்லீங்க."

ஆல்வின் கையைப் பாதியில் நிறுத்தியிருந்தான். சட்னியைப் பார்த்தான். பிறகு உள்ளே மேடை மேலிருந்த வெள்ளைக் கல்லைப் பார்த்தான். அவன் முகம் மெல்லச் சுருங்கிக்கொண்டே போனது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து உள்ளே போய், ஊறவைத்திருந்த புளியைப் பிழிந்து, அம்மியின் மேல் ஊற்றிவிட்டுக் குனிந்தான். வள்ளியாத்தாளும் பின்னாலேயே வந்து குனிந்து பார்த்தாள். புளித்தண்ணி கல்லின் மேல் சும்மா கிடக்கவில்லை. கடுகைவிடச் சின்னதாகக் கொப்புளம் கொப்புளமாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"அத்தை" என்றான். "எனக்கு வேலையே இதுதானுங்க. சட்டைப் பையில ஆசிட் பாட்டில வெச்சுட்டுத்தான் மலையில சுத்தறேன். ஒரு சொட்டு விட்டா நொரைக்குதா, அது சுண்ணாம்புக்கல்லு. காலேஜ்ல மொத நாள் சொல்லிக் குடுக்கறதுங்க இது. புளியும் ஆசிட்தான். நீங்க போடற புளியெல்லாம் கல்லு தின்னுருக்குது. கல்லையும் புளி தின்னுருக்குது."

"அட, அதனாலென்னங்க மாப்ள."

"அழகா இருக்குதேன்னு மட்டும்தானுங்க பாத்தேன்." வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸின் பின்பக்கம் அங்கிருந்து தெரிந்தது. அவன் காது சிவந்தது. "நான் எடுத்துட்டுப் போயிடறனுங்க. கருங்கல்லுல வேற அடிச்சுத் தாரேன்."

சொல்லிவிட்டு அம்மியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். அது அசையவில்லை. காலை அகட்டிவைத்து இன்னொரு தடவை ஆட்டினான். வள்ளியாத்தாளுக்கு எதைப் பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராதுங்க."

கதவடியில் ராசப்பன் நின்றிருந்தார். டீ ஆற்றும் குவளை கையிலேயே இருந்தது.

"சிமெண்ட் போட்டிருக்குதுங்க" என்றார்.

யாருக்குச் சொன்னார் என்று பார்க்க, மனைவியையும் மருமகனையும் தவிர அங்கே யாருமில்லை. மனைவியிடம் அவர் ஒருநாளும் 'ங்க' போட்டதில்லை. ஆல்வின் கையை எடுத்தான். சட்னி பட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ராசப்பன் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முழங்காலாக மடக்கி, மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். கல்லுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க, உள்ளுக்குள்ளயிருந்து வாருது?"

"காத்துங்க மாமா."

"கல்லுக்குள்ள ஏதுங்க காத்து?"

"கடலுக்கடியில இருந்தப்ப வாங்குன காத்துங்க. அப்பறம் அதுக்கு வெளிய வர வழியே கெடைக்கல. அத்தனை வெந்தும் வரல. புளி பட்டதும் வாருது."

ராசப்பன் அதை யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ பாய்லரைத் தட்டி, "அண்ணா, ரெண்டு டீ" என்றார்கள். "தா, வாரேன்" என்று இங்கிருந்தே சொன்னார். எழுந்திருக்கவில்லை.

"தேங்காச் சட்னி ஆகுமல்லங்க இதுல?"

"ஆகுமுங்க மாமா. தயிர், எலுமிச்சங்கா, புளி மட்டும் படக் கூடாது."

"செரி" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலே குவளையை மனைவி பக்கம் நீட்டினார். "வள்ளி, இன்னுங் கொஞ்சம் புளித்தண்ணி ஊத்து."

"மறுக்காவா? கல்லு கரையுமுங்க."

"ஊத்து புள்ள. அந்தச் சத்தத்தக் கேக்கோணும்."

அவள் ஊற்றினாள். ராசப்பன் அதைக் கல்லின் மேல் மெல்லச் சாய்த்தார். பழுப்புத் தண்ணி பச்சைக் கோட்டின் ஓரமாக ஓடி, நின்று, வெள்ளை வெள்ளையாகப் பொரிய ஆரம்பித்தது. அவர் காதைச் சாய்த்தார். ஆல்வினும் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்தான். நரைத்த தலையும் கருத்த தலையும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. முன்னால் பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது, மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். வள்ளியாத்தாள் மிச்சப் புளித்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு விட்டால்கூட அந்தச் சத்தம் அவர்களுக்குக் கேட்காமல் போய்விடும் என்பதுபோல் நின்றாள். கல்லின் மேல் கொப்புளங்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.