பக்கத்தில் கிடந்த பட்டியல்

மீனவர் இயோசெஃபோவின் உடலைப் பவளப்பாறைமேல் கண்டெடுத்த வெள்ளிக்கிழமை காலையே டிரேசா சங்கத்துக் கணிப்பொறியின் முன் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் மீனவர் சங்கத்தில் கணிப்பொறி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் அங்கே எழுத்தர்.

பேரலை வருமானால் வெளிநாட்டு நிலையத்திலிருந்து உலக நேரத்தில் தகவல் வரும். எங்கள் மென்பொருள் அதை சமோவா நேரத்துக்கு மாற்றிப் படகுக்காரர்களின் கைபேசிக்கு அனுப்பும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கத்தை அரசு அந்த வருடம்தான் திடீரென நிறுத்தியது. டிரேசா உடனே புதிய நேரப்பட்டியலை இறக்கிக் கணிப்பொறியின் பொது இடத்தில் வைத்தாள். இயக்கியும் பார்த்தாள். சரியாகத்தான் காட்டியது.

வியாழக்கிழமை போன செய்தியில் பேரலை மாலை ஐந்து மணிக்கு என்றிருந்தது. வந்தது நான்கு மணிக்கு. இயோசெஃபோவும் அவர் மகன் லெமியும் அப்போதுதான் பாறையின் இடைவெளிக்குள் படகைத் திருப்பியிருந்தார்கள். லெமி மட்டும் நீந்தி வந்தான்.

"கெழவனுக்கு சூரை மீன்னா வெறி. கடைசி நிமிஷம் வரைக்கும் தூண்டிலை எடுக்க மாட்டான்" என்றார் செயலாளர் மதாயோ.

டிரேசா அதே தகவலை மறுபடி கொடுத்துப் பார்த்தாள். மென்பொருளைத் தன் கையால் ஓட்டினால் நான்கு என்றது. தானாக ஓடவிட்டால் ஐந்து என்றது. மதியத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

"நேரத்தைக் கணக்குப் போட இந்த மென்பொருள் ஒரு நிரல்தொகுப்பைக் கூடவே கொண்டு வந்திருக்கு" என்றாள் என்னிடம். "அந்தத் தொகுப்போட ஒரு பழைய பட்டியலும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. மொதல்ல தன் பக்கத்துலதான் தேடும். பொது எடத்துல பாருன்னு நாம சொன்னாத்தான் அங்க போகும்."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். ஆனா நான் என் பேர்ல உள்ள நுழையும்போது மட்டும் படிக்கிற கோப்புல சொல்லி வச்சேன். திங்கக்கெழம கரண்ட் போயி வந்துச்சில்ல, மெஷின் தானா எந்திரிச்சிருக்கு. அப்ப என் கோப்பை யாரு படிச்சா? பக்கத்துல கெடந்த பழசை எடுத்துக்கிச்சு."

"தப்புன்னு ஒண்ணும் காட்டலியா?"

"தேடினது கெடச்சிருச்சே. அப்புறம் என்னத்தக் காட்டும்?"

மதாயோவிடம் போய்ச் சொன்னோம். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வெளிய சொல்லாத. மெஷின் பண்ணதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"மெஷின் பண்ணல. நான் பண்ணேன்."

அன்று மாலை அவள் தன் குடும்பத் தலைவரான பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓர் உயிர் போகக் காரணமானவர்கள் இறந்தவரின் வீட்டு முன்னால் பாய் போர்த்தி உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பதும், வீட்டார் பாயைத் தூக்கினால் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் எங்கள் வழக்கம்.

"கணிப்பொறிக்காக யாரும் பாய் போத்தி உக்காந்ததா நான் கேட்டதில்ல" என்றார். பிறகு உள்ளே போய்க் குடும்பத்தின் மிக நல்ல பாயை எடுத்து வந்தார். "விடியும்போது போவோம்."

சனிக்கிழமை விடியலில் பெரியப்பா, டிரேசா, நான் மூவரும் இயோசெஃபோவின் வீட்டு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தோம். பாய் எங்கள் மூவரையும் மூடியிருந்தது. வெயில் ஏறியது. டிரேசாவின் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. பாயின் விளிம்புக்கு வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. பாதமெல்லாம் பாறை கிழித்த காயம். லெமி.

"அப்பா ரெண்டு தடவ போனை எடுத்துப் பாத்தாரு. போலாம்ப்பான்னேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குடான்னாரு."

கால்கள் திரும்பிப் போயின.

வெகுநேரம் கழித்து இயோசெஃபோவின் மனைவி வயேலுவா வந்து பாயைத் தூக்கினாள்.

"எந்திரிங்க. வெயிலு சுடுது."

உள்ளே அழைத்துப்போய்க் கொக்கோ ஊற்றிக் கொடுத்தாள். டிரேசா கோப்பையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை.

"அந்தப் பழைய பட்டியல் இன்னும் உள்ளதான் இருக்கா?" என்று கேட்டாள் வயேலுவா.

"இல்ல அத்தை. நேத்தே அழிச்சிட்டேன்."

"நேத்தா" என்றாள் வயேலுவா.

மன்னிப்புக் கிடைத்துவிட்டதென்று ஊரில் சொன்னார்கள். பாயை ஏற்றுக்கொண்டார்கள் என்பது உண்மைதான். டிரேசா இப்போதும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறாள். எங்கள் பேரலைச் செய்தி இனி தன் கைபேசிக்கு வேண்டாமென்று லெமி எழுதிக் கொடுத்துவிட்டான். அந்தத் தாளை நான்தான் வாங்கி வைத்தேன்.